கேள்வியைக் கவனித்த கணக்கு வாத்தியார்

பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் நாட்களில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துக் குடியிருப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. கணக்கு நமக்கு வராது என்பதுதான் அது. அப்பா டேனரியில் வேலை பார்ப்பார். அம்மா விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறிப்போய் ஷூவுக்கு அப்பர் தைப்பார். பிள்ளை பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண்ணே வாங்கியிருக்கும். ஆனாலும் கணக்குப் பாடம் உள்ள முதல் குரூப்பைக் கேட்கத் தயங்கும். சில இடங்களில் பிள்ளை தயங்குவதற்கு முன்பே பள்ளிக்கூடம் தயங்கிவிடும். உனக்கு இது கஷ்டம், வேறு குரூப் எடுத்துக்கொள் என்று அன்பாகவே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இந்த வாரம் நாம் பேசப்போவது ஒரு கணக்குப் பேராசிரியரைப் பற்றி. அவர் தலித் அல்லர். தமிழரும் அல்லர். பிரான்சு நாட்டில் பிறந்த ஏசு சபைத் துறவி. சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். பெயர் அருட்தந்தை சார்லஸ் ராசீன். சுதந்திர இந்தியாவின் முன்னணிக் கணித அறிஞர்கள் பலரின் வாழ்க்கை வரலாற்றைப் புரட்டினால் தொடக்கப் பக்கங்களில் அவர் பெயர் வந்துவிடும். அவருடைய வாழ்க்கையை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது. கணக்கு யாருக்கு வரும், யாருக்கு வராது என்ற கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது.

ராசீன் 1897ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தலைமுறை முதல் உலகப் போரில் சிக்கிய தலைமுறை. கல்லூரியில் இருக்கவேண்டிய இளைஞர்கள் போர்முனையில் மாண்டார்கள். பிரான்சின் கணிதத் துறையும் ஒரு தலைமுறையையே இழந்தது. போருக்குப் பிறகு வந்த இளைஞர்கள் பழைய பாடப் புத்தகங்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணிதத்தை அடியிலிருந்து புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். ஆந்த்ரே வெய்ல், ஹென்றி கார்த்தான் போன்றோர் அந்தக் கூட்டத்தின் முன்னணியில் நின்றார்கள். ராசீன் இவர்களுக்கு நண்பர். 1934இல் பாரிசில் முனைவர் பட்டம் பெற்றார். ஒன்றையொன்று ஈர்க்கும் பல பொருள்கள் எப்படி இயங்கும் என்ற பழைய கேள்வியை, ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டுக்குள் வைத்து ஆராய்ந்தது அவருடைய ஆய்வேடு.

அந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர் எலீ கார்த்தான், ஹென்றி கார்த்தானின் தந்தை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவர். இந்த மேதை யார் வீட்டுப் பிள்ளை என்பதை நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சின் தொலொமியூ என்ற சிற்றூரில் இரும்படிக்கும் கொல்லர் வீட்டுப் பிள்ளை அவர். அன்றைய நிலையில் அந்தப் பையனும் உலைக்களத்தில் துருத்தி ஊதிக்கொண்டிருக்கவேண்டியவன்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அந்தோனின் துபோஸ்த் என்ற ஆய்வாளர், இவனுடைய அறிவைக் கண்டுகொண்டார். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வைத்தார். அந்த உதவித்தொகை கிடைத்ததால் பையன் மேற்படிப்புக்குப் போனான். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் ஒரு பையனைக் கவனித்தார். அவ்வளவுதான் நடந்தது. அது நடக்காமல் போயிருந்தால் உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும். இழந்தோம் என்பதுகூட உலகத்துக்குத் தெரிந்திருக்காது.

கொல்லர் வீட்டுப் பிள்ளையிடம் படித்த ராசீன், முப்பதுகளின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுக்கு வந்தார். முதலில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1939இல் சென்னை லயோலா கல்லூரிக்கு மாறினார். அதன்பின் பணிக்காலம் முழுவதும் அங்கேயே கழிந்தது. 1976இல் மறைந்தார்.

அவர் வந்தபோது இங்கே கணிதப் படிப்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆங்கிலேயர் கொண்டுவந்த பாடத்திட்டம். கேம்பிரிட்ஜ் தேர்வு முறையைப் பார்த்து எழுதப்பட்டது. சிக்கலான கணக்கைக் குறுக்கு வழியில் வேகமாகப் போட்டு முடிப்பவர் கெட்டிக்காரர். அந்தக் கணக்கு ஏன் வந்தது, உலகில் இன்று யார் எதை ஆராய்கிறார்கள் என்ற பேச்சுக்கு வகுப்பில் இடம் குறைவு. நன்றாகப் படிப்பவர் தேர்வெழுதி அரசாங்க அதிகாரியாகப் போய்விடுவார். கணிதத்தை வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே பலருக்குத் தோன்றாது.

ராசீன் செய்தது இந்த வழக்கத்தை உடைத்ததுதான். வகுப்பறையில் அவர் தடையில்லாமல் பொழிகிற பேச்சாளர் அல்லர் என்று அவருடைய மாணவர்களே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தேர்வுக்குத் தேவையான குறிப்புகளை ஒழுங்காக எழுதிப்போடுகிற ஆசிரியரும் அல்லர். ஆனால் கணிதத்தின் மேல் அவருக்கு இருந்த ஆர்வம் மாணவர்களைத் தொற்றிக்கொண்டது. பாரிசில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தை அவர் சென்னையில் பேசினார். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகங்களைப் படிக்கத் தூண்டினார். யாருக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது என்று பார்த்தார். அப்படிப்பட்டவரை ஆராய்ச்சிக்குப் போகச் சொன்னார். எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று வழி சொன்னார். பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1945இல் தொடங்கப்பட்டது. அதன் கணிதப் பிரிவை கே. சந்திரசேகரன் வளர்த்தெடுத்தார். திறமையுள்ள இளைஞர்கள் அங்கே தேவைப்பட்டார்கள். லயோலாவிலிருந்து ராசீன் அனுப்பிவைத்தார். இந்தியக் கணிதத்தின் வரலாற்றில் இந்தப் பாதைக்குப் பெரிய இடம் உண்டு.

அப்படிப் போனவர்களில் ஒருவர் நம் மண்ணுக்காரர். எம்.எஸ். நரசிம்மன், 1932இல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் தண்டரையில் பிறந்தவர். வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அதே வட ஆற்காடு. கிராமத்துப் பள்ளியில் படித்து லயோலாவுக்குப் போனார். அதே ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் பள்ளிப் படிப்பை முடித்த சி.எஸ். சேஷாத்ரியும் அங்கே சேர்ந்தார். இருவரும் ராசீனிடம் படித்தார்கள். 1953இல் இருவரும் பம்பாய் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்று உலகம் முழுவதும் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்று அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. இரண்டு வேறு துறைகளில், இரண்டு வேறு மொழிகளில் பேசப்பட்ட பொருள்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன என்று அது காட்டியது. இயற்பியல் ஆராய்ச்சியிலும் அதன் பயன் தொடர்கிறது.

சேஷாத்ரி லயோலாவில் தனக்கு வாய்த்த ஆசிரியர்களாக எஸ். நாராயணனையும் ராசீனையும் நன்றியோடு நினைத்தவர். 1989இல் சென்னையில் அவர் தொடங்கிய கணிதப் பள்ளிதான் பிறகு சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்தது. ஆசிரியரிடம் பெற்றதை அடுத்த தலைமுறைக்கு அவர் இப்படித் திருப்பிக் கொடுத்தார். சேஷாத்ரி 2020இலும் நரசிம்மன் 2021இலும் மறைந்தார்கள்.

சி.பி. ராமானுஜம் என்ற இன்னொரு மாணவர் 1938இல் பிறந்தவர். பம்பாய் நிறுவனத்துக்கு அவரைப் பரிந்துரைத்து ராசீன் கடிதம் எழுதினார். இந்த இளைஞரிடம் சொந்தமாகச் சிந்திக்கும் திறனும் தேடலும் இருக்கின்றன, வாய்ப்புக் கொடுத்தால் நல்ல ஆய்வாளராக வருவார் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அவர் சொன்னது பலித்தது. முப்பத்தாறு வயதில் மறைந்துபோனாலும் ராமானுஜம் கணித உலகில் நிலைத்த பெயர் பெற்றார்.

ராசீனின் ஊக்கத்தைப் பெற்றவர்களில் சு. மீனாட்சிசுந்தரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். 1913இல் பிறந்தவர். சென்னையில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், ராசீனின் தொடர்பால் வேறொரு துறைக்குத் திரும்பினார். பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1949இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிளெயெலுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. அந்த ஆய்வு நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. பறையைத் தெரிந்தவர்களுக்கு அதைப் புரியவைப்பது எளிது.

பறையைத் தீயில் காய்ச்சினால் தோல் இறுகி ஓசை கூர்மையாகிறது. இறுக்கம் ஒன்றாக இருந்தால், பெரிய தோலின் ஓசை தாழ்ந்தும் சிறிய தோலின் ஓசை உயர்ந்தும் கேட்கும். ஒரு பறையை அடித்தால் எழுவது ஒற்றை ஓசை அல்ல. பல அதிர்வுகள் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்த அதிர்வுகளின் கணக்கு முழுவதும் கையில் கிடைத்தால், பறையைக் கண்ணால் பார்க்காமலே அதன் தோலின் பரப்பளவைச் சொல்லிவிட முடியுமா? முடியும் என்கிறது கணிதம். வளைந்த பரப்புகள் உள்ளிட்ட இன்னும் பொதுவான வடிவங்களுக்கு, அதிர்வுகளிலிருந்து வடிவத்தைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்பதற்கு அடித்தளம் போட்டவர்களில் மீனாட்சிசுந்தரமும் பிளெயெலும் முக்கியமானவர்கள். 1966இல் மார்க் காட்ஸ் என்ற அறிஞர், ஓசையைக் கேட்டே பறையின் முழு வடிவத்தையும் சொல்லிவிட முடியுமா என்ற கேள்வியை எழுப்பினார். எல்லா நேரமும் முடியாது, வேறு வேறு வடிவமுள்ள இரண்டு பறைகள் ஒரே ஓசைகளைத் தரக்கூடும் என்று 1992இல் நிறுவப்பட்டது.

தோலை உரித்தவர்கள் நம் முன்னோர். பதப்படுத்தியவர்கள் நம் முன்னோர். பறையில் கட்டிக் காய்ச்சி அடித்தவர்களும் அவர்களே. அந்தத் தோலின் ஓசையில் இத்தனை கணக்கு இருக்கிறது. அவர்களுக்கு மட்டும் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் இல்லை.

இன்றும் நம் பகுதியில் தோல் சதுர அடிக் கணக்கில்தான் விலை போகிறது. ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் நேர்கோட்டு விளிம்பு கிடையாது. கழுத்துப் பக்கம் குறுகும், வயிற்றுப் பக்கம் விரியும். அப்படி வளைந்த ஒன்றின் பரப்பை எப்படி அளப்பது? சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக் கூட்டவேண்டும். சதுரம் சிறுக்கச் சிறுக்க அளவு துல்லியமாகும். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையீடு என்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டும் பாடத்தின் உயிர் இதுதான். ஷூ கம்பெனியில் கட்டிங் பார்க்கும் தொழிலாளி ஒரு தோலின் மேல் அச்சுகளை எப்படித் திருப்பி வைத்தால் கழிவு குறையும் என்று கண்ணாலேயே கணக்குப் போடுகிறார். அது வடிவியல். இதைச் செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்வதற்கு யாருக்கும் ஆதாரம் இல்லை.

இப்போது ஒரு கசப்பான கேள்வியைக் கேட்டாக வேண்டும். ராசீனின் மாணவர்கள் என்று வரலாறு சொல்லும் பட்டியலில் சேரியிலிருந்து வந்தவர் யார்? புகழ்பெற்ற பெயர்களாக நாம் மேலே சொன்னவை எவையும் சேரியிலிருந்து வந்தவை அல்ல. ராசீனின் வகுப்பறைக்கு வெகு தூரத்துக்கு முன்பே சலிப்பு நடந்து முடிந்துவிட்டது. பஞ்சமர் பிள்ளைகளின் கல்விக்கென்று சென்னை அரசாங்கம் 1893இல்தான் தனி ஆணை போட்டது. ஆணை வந்த பிறகும் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் கதவைத் திறந்துவிடவில்லை. தேவாலயங்களுக்குள்ளும் கிறிஸ்தவப் பள்ளிகளுக்குள்ளும்கூடச் சாதி புகுந்து உட்கார்ந்திருந்தது. பள்ளியிறுதிக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை வந்தது 1944இல். ராசீன் லயோலாவுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று சேரியிலிருந்து கல்லூரி வகுப்புவரை போய்ச் சேர்ந்தவர்கள் மிகச் சிலர். கணித ஆனர்ஸ் வகுப்பு அவர்களுக்கு இன்னும் எட்டாத தூரத்தில் இருந்தது.

இதற்காக ராசீனைக் குறை சொல்லவேண்டியதில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கை நமக்குக் கொடுக்கும் சான்று ஒன்றை நாம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். படிப்பு வாசனை உள்ள குடும்பங்களில் பிறந்து, பள்ளிக்கூடக் கதவு எப்போதும் திறந்தே இருந்த சமூகத்திலிருந்து வந்தவர்களுக்கும் ஒரு ராசீன் தேவைப்பட்டார். அவர் கவனிக்கவேண்டியிருந்தது. அவர் புத்தகத்தின் பெயர் சொல்லவேண்டியிருந்தது. அவர் கடிதம் எழுதவேண்டியிருந்தது. இத்தனையும் கிடைத்த பிறகுதான் அவர்கள் மேதைகளாக அறியப்பட்டார்கள். அப்படியானால் இவை ஒன்றுமே கிடைக்காத பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை என்பது அவர்களுடைய அறிவைப் பற்றி நமக்கு எதையும் சொல்லவில்லை. கதவைப் பற்றித்தான் சொல்கிறது. கொல்லர் வீட்டு எலீ கார்த்தானே இதற்குச் சாட்சி. தகுதி, தகுதி என்று பேசுகிறவர்களுக்கு நாம் சொல்லவேண்டிய பதில் இதுதான்.

இன்று நிலைமை முழுவதும் அப்படியே இல்லை. வேலூரில் ஊரிசு கல்லூரியும் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும், வாணியம்பாடியில் இசுலாமியா கல்லூரியும், திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியும் நம் பிள்ளைகள் போய் வரும் தூரத்தில் இருக்கின்றன. இட ஒதுக்கீடு இருக்கிறது. உதவித்தொகை இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைகள் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே நுழைந்த பிறகு எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. சித்தப்பா பேராசிரியர் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஆராய்ச்சி மாணவி இல்லை. எம்.எஸ்சி. கணிதம் முடித்தால் பி.எட். போய் வாத்தியார் ஆகலாம் என்பது மட்டும் தெரியும். வாத்தியார் வேலை உயர்ந்த வேலைதான். ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நினைத்துக்கொண்டிருப்பது வழி சொல்ல ஆள் இல்லாததால் வந்த குறை.

சேஷாத்ரி தொடங்கிய கழகம் இருக்கும் சிறுசேரிக்கு ஆம்பூரிலிருந்து ரயிலேறி, சென்னையில் பஸ் மாறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரலாம். நுழைவுத் தேர்வு எழுதித்தான் அங்கே சேரவேண்டும். அப்படி ஒரு இடம் இருக்கிறது என்பது பாலாற்றங்கரைக் குடியிருப்புகளில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? மாலை வகுப்புகளில் நாங்கள் கேட்டுப் பார்க்கும்போது, பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை அந்த வாசல்வரை கொண்டுபோய் விடுவதற்கு அறிவு போதாமல் இல்லை. தகவல் போகவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் எல்லோருடைய வேலை.

ஆசிரியர்களிடம் நாம் கேட்பது பெரிய தியாகம் அல்ல. வகுப்பில் ஏன் என்று கேட்கிற பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று உட்கார வைக்காமல், ஒரு முறை நின்று கவனியுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் குரூப்பைப் பிரிக்காமல், ஆர்வத்தையும் பாருங்கள். கல்லூரிப் பேராசிரியர்கள் ஆண்டுக்கு இரண்டு மாணவர்களுக்காவது மேலே எங்கே போகலாம் என்று சொல்லி, ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, சாதிச் சான்றிதழை எப்போது இணைப்பது, கடைசித் தேதி எது என்று கூட உட்கார்ந்து சொல்லுங்கள். ராசீன் செய்தவற்றில் பாதி இப்படிப்பட்ட சிறிய வேலைகள்தான்.

படித்து வேலைக்குப் போய்விட்ட நம் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் உங்கள் தெருப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். சமுதாயக் கூடம் இருக்கிறது, இரவுப் பாடசாலைக் கட்டடம் இருக்கிறது, இல்லாவிட்டால் வேப்பமர நிழல் இருக்கிறது. தோலின் பரப்பிலிருந்து தொடங்குங்கள். பறையின் ஓசையிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளில் ஆரம்பித்தால் கணக்கு பயமுறுத்தாது.

பெற்றோருக்கும் சொல்கிறோம். உங்கள் மகள் முதல் குரூப் வேண்டும் என்று கேட்டால் தயங்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் வேறு குரூப்புக்குத் தள்ளினால், அவள் வாங்கிய மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு போய்க் காரணம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தெருவில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

ஒரு பள்ளி ஆய்வாளர் கொல்லர் வீட்டுப் பையனைக் கவனித்தார். அந்தப் பையன் வளர்ந்து ராசீனுக்கு வழிகாட்டினார். ராசீன் கடல் தாண்டி வந்து, வட ஆற்காட்டுத் தண்டரையில் பிறந்த ஒருவரை உலகக் கணிதத்துக்கு அனுப்பிவைத்தார். இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி நம் டேனரித் தொழிலாளியின் வீட்டிலிருந்து வரவேண்டும். இந்த ஜூன் மாதச் சேர்க்கையிலேயே அதற்கான வேலையைத் தொடங்கிவிடலாம்.